15ஆம் விஸ்கான்சின் காலாட்படையில் இருந்த முன்னோரைத் தேட: எங்கே தொடங்குவது, என்ன செலவாகும்

உங்கள் வீட்டிலோ, நீங்கள் பெண் எடுத்த அல்லது கொடுத்த வீட்டிலோ, "கொள்ளுத்தாத்தாவோட அப்பா உள்நாட்டுப் போர்ல ஸ்காண்டிநேவிய ரெஜிமென்ட்ல இருந்தாராம்" என்று ஒரு பேச்சு இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். என் மனைவி வீட்டார் நார்வேயிலிருந்து விஸ்கான்சினுக்கு வந்து குடியேறியவர்களின் வழி. அவர்களுக்காகத்தான் இந்தத் தேடலில் இறங்கினேன். தகவல் ஏராளமாக இருக்கிறது. ஆனால் அது இரண்டு கண்டங்களில், பல காப்பகங்களில் சிதறிக் கிடக்கிறது. எதை முதலில் எடுப்பது, எதற்குப் பணம் கட்டுவது, எதற்குக் கட்டவே கூடாது என்று வரிசையாகச் சொல்ல ஆளில்லாமல் நிறைய அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ரெஜிமென்ட்டைப் பற்றித் தேடலுக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கெடுத்த 15ஆம் விஸ்கான்சின் தன்னார்வக் காலாட்படை 1862 பிப்ரவரி 14 அன்று மேடிசன் நகரின் கேம்ப் ராண்டலில் முறைப்படி பணியில் சேர்க்கப்பட்டது. ஏறக்குறைய 900 பேர். பெரும்பாலோர் நார்வேஜியர்கள், டேனிஷ்காரர்களும் ஸ்வீடன்காரர்களும் உண்டு. தலைமை தாங்கியவர் கர்னல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக். 1863 செப்டம்பரில் சிக்கமாகா சண்டையில் குண்டுபட்டு இறந்தார். மூன்று ஆண்டுப் பணி ஒப்பந்தம் முடிய முடிய, 1864 டிசம்பரிலிருந்து 1865 பிப்ரவரிக்குள் கம்பெனி (ரெஜிமென்ட்டின் உட்பிரிவு) கம்பெனியாக ஆட்களை அனுப்பிவிட்டார்கள். இந்தத் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு தாளையும் இவற்றோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஆவணங்களை முழுக்க முடிக்கும்வரை நார்வே பக்கம் போகாதீர்கள். நார்வேயின் பதிவேடுகள் இலவசம், அழகான ஸ்கேன், வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதனாலேயே எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். பிறந்த ஊரின் சபை, அதாவது தேவாலய வட்டாரம், எது என்று தெரியாமல் அங்கே போனால், ஒரே பெயரும் ஒரே வயதும் உள்ள பத்துப் பேர் கிடைப்பார்கள். அதில் ஒருவரை "இவர்தான்" என்று எடுத்துக்கொண்டு வேறொரு குடும்பத்தின் வம்சாவளியைக் கட்டிவிடுவீர்கள். இணையத்தில் பரவிக் கிடக்கும் பல குடும்ப மரங்கள் அப்படிக் கட்டப்பட்டவைதான்.

1. பெயரைவிடக் கம்பெனியை நம்புங்கள்

இந்த ரெஜிமென்ட்டில் ஓலே என்ற பெயர் மட்டுமே நூற்றுக்கும் மேல் என்பார்கள். ஓலே ஓல்சன், ஓலே ஹான்சன், ஹான்ஸ் ஓல்சன் என்று ஒரே கம்பெனியிலேயே இரண்டு மூன்று பேர் வருவார்கள். காரணம், பெயர் வைக்கும் முறை. ஹான்ஸின் மகன் ஓலே என்றால் அவர் ஓலே ஹான்சன். அவருடைய மகன் லார்ஸ் என்றால் லார்ஸ் ஓல்சன். நம் இனிஷியல் போலத்தான், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதோடு குடியிருந்த பண்ணையின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். பண்ணை மாறினால் அந்தப் பெயரும் மாறும். அமெரிக்காவுக்கு வந்த பிறகு சிலர் தந்தை பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் பண்ணைப் பெயரைக் குடும்பப் பெயராக்கினார்கள். உடன்பிறந்த இருவர் இரு வேறு குடும்பப் பெயரோடு வாழ்ந்ததும் உண்டு. போரில் ஒரு பெயர், போருக்குப் பின் வேறு பெயர் என்பதும் சாதாரணம்.

முதற்பெயரும் ஆங்கிலக் காதுக்கு ஏற்ப மாறும். லார்ஸ் லூயிஸ் ஆவார், ஆண்டர்ஸ் ஆண்ட்ரூ ஆவார், குல்பிரான்ட் கில்பர்ட் ஆவார். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதால் எழுத்துக்கூட்டலை நம்பவே முடியாது.

அதனால் உங்கள் ஆளை அடையாளம் காட்ட நான்கு விஷயம் வேண்டும்: கம்பெனி எழுத்து, சேர்ந்த தேதி, சேரும்போது குடியிருந்த ஊர், பணியிலிருந்து விலகிய விதம். இந்த நான்கும் பொருந்தினால் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் பரவாயில்லை.

விஸ்கான்சின் ரெஜிமென்ட் என்பதால் எல்லோரும் விஸ்கான்சின்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். ஏ கம்பெனியில் சிகாகோ ஆட்கள் அதிகம். கே கம்பெனியில் மினசோட்டா, அயோவா ஆட்கள் இருந்தார்கள். குடும்பம் அந்தப் பக்கம் இருந்ததென்றால் முதலில் அந்தக் கம்பெனிகளைப் பாருங்கள்.

அதேபோல, ஸ்காண்டிநேவியர் எல்லோரும் 15ஆம் விஸ்கான்சினில் இருந்தவர்களும் அல்ல. மினசோட்டாவின் 3ஆம் காலாட்படையின் டி கம்பெனி ஸ்காண்டிநேவியர்களால் ஆனது. இல்லினாயின் பிஷப் ஹில் குடியேற்றத்து ஸ்வீடன்காரர்கள் 57ஆம் இல்லினாய் காலாட்படையின் டி கம்பெனிக்குப் போனார்கள். வீட்டில் "ஸ்காண்டிநேவிய ரெஜிமென்ட்" என்று சொல்லிவந்தாலும், ஆள் வேறு படையில் இருந்திருக்கலாம். பட்டியலில் பெயர் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாமல் இந்தப் படைகளையும் பாருங்கள்.

2. இலவசமாகக் கிடைப்பதை முதலில் முடியுங்கள்

ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் பாதித் தூரம் போய்விடலாம். ஒரு வார இறுதி போதும்.

முதலில் விஸ்கான்சின் மாநிலம் 1886இல் அச்சிட்ட தன்னார்வப் படையினர் பட்டியல். ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ரெஜிமென்ட் வாரியாக, கம்பெனி வாரியாகப் பெயர், ஊர், சேர்ந்த தேதி, குறிப்பு என்று வரும். இறந்தாரா, காயம்பட்டாரா, பிடிபட்டாரா, உடல்நலக் குறைவால் அனுப்பப்பட்டாரா என்பதெல்லாம் குறிப்புப் பகுதியில் சுருக்கெழுத்தில் இருக்கும். தேடல் பெட்டியில் பெயரைத் தட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், 15ஆம் ரெஜிமென்ட்டின் பத்துக் கம்பெனிப் பட்டியலையும் கண்ணால் ஒருமுறை படியுங்கள். வேறு எழுத்துக்கூட்டலில் ஒளிந்திருப்பவர் அப்போதுதான் கண்ணில் படுவார்.

அடுத்து, அயோவா மாநிலம் டெக்கோராவில் உள்ள வெஸ்டர்ஹெய்ம் நார்வேஜிய அமெரிக்க அருங்காட்சியகம். உள்நாட்டுப் போரில் இருந்த நார்வேஜியர்களின் விவரங்களை வீரர் வாரியாகத் தொகுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். சிலருக்குப் பிறந்த ஊர், பெற்றோர், மனைவி, கல்லறை வரை இருக்கும். சிலருக்கு ஒரு வரிதான். உங்கள் ஆளுக்கு நிறைய எழுதியிருந்தால் மகிழ்ச்சிதான். ஆனாலும் அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தகவலும் எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்பதை நீங்களே பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது, அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை நடத்தும் உள்நாட்டுப் போர் வீரர்களின் தரவுத்தளம். இதில் ரெஜிமென்ட்டின் பெயரைப் போட்டால் வீரர் பட்டியல் முழுவதும் வரும். மாற்றுப் பெயர்களும் இருப்பதால் எழுத்துக்கூட்டல் பிரச்சினைக்கு நல்ல மருந்து.

நான்காவது, முன்னாள் படைவீரர் கணக்கெடுப்புகள். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெரும்பாலும் அழிந்துபோனது. ஆனால் அதே ஆண்டு எடுத்த படைவீரர், விதவைகள் பட்டியல் விஸ்கான்சினுக்குத் தப்பியிருக்கிறது. ரெஜிமென்ட், கம்பெனி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, உடல் ஊனம் வரை அதில் இருக்கும். விஸ்கான்சின் மாநிலம் 1885, 1895, 1905இல் எடுத்த கணக்கெடுப்புகளிலும் படைவீரர் தனிப் பட்டியல் உண்டு. போருக்குப் பின் அவர் எந்த ஊரில், எந்தப் பெயரில் இருந்தார் என்பதைப் பிடிக்க இவைதான் பாலம். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் இவற்றில் பெரும்பகுதியைப் பார்க்கலாம்.

ஆன்செஸ்ட்ரி, ஃபோல்டு3 போன்ற கட்டணத் தளங்களுக்கு உடனே சந்தா கட்டாதீர்கள். பல ஊர்ப் பொது நூலகங்களில் ஆன்செஸ்ட்ரியை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஃபேமிலிசர்ச் அமைப்பு நடத்தும் மையங்களில் இரண்டுமே கிடைக்கும். முழுத் தேடலையும் சந்தா இல்லாமல் முடிக்க முடியும்.

3. பென்ஷன் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இந்தத் தேடலில் பொன்னான படி இதுதான். போரில் இருந்தவர் பென்ஷன் வாங்கினாலும், அவர் இறந்தபின் விதவையோ, சிறு பிள்ளைகளோ, பெற்றோரோ வாங்கினாலும், அதற்கு ஓர் அட்டை இருக்கும். அதில் விண்ணப்ப எண்ணும் சான்றிதழ் எண்ணும் இருக்கும். கோப்பை வரவழைக்க அந்த எண்கள் தேவை.

அட்டைகளுக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று பெயர் வரிசையில் இருப்பது, எண் டி288. பெரும்பாலான வழிகாட்டிகள் இதைத்தான் சொல்லும். ஓலே ஓல்சனைத் தேடுபவருக்கு இது பெரும் தலைவலி. இன்னொன்று படைப்பிரிவு வரிசையில் இருப்பது, எண் டி289. மாநிலம், ரெஜிமென்ட், கம்பெனி, அதற்குள் பெயர் என்று வரும். விஸ்கான்சின், 15ஆம் காலாட்படை, உங்கள் கம்பெனி என்று திறந்தால் அந்தக் கம்பெனியில் பென்ஷன் கேட்ட அத்தனை பேரும் வரிசையாக நிற்பார்கள். ஃபோல்டு3இல் இது இருக்கிறது. நூலகத்திலோ மையத்திலோ உட்கார்ந்து உங்கள் கம்பெனி முழுவதையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் சாட்சி சொன்ன சக வீரர்கள் யார் என்று பார்க்கவும் உதவும்.

அட்டையில் கவனிக்க வேண்டியவை: வீரரின் எண், விதவையின் எண், சிறார் எண், தாயின் எண் என்று தனித்தனி வரிகள். எத்தனை இருந்தாலும் அத்தனையையும் எழுதிக்கொள்ளுங்கள். விதவைக்குப் பென்ஷன் அனுமதியாகியிருந்தால் வீரரின் தாள்களும் அந்தக் கோப்புக்குள் சேர்க்கப்பட்டிருக்கும். எந்த மாநிலத்திலிருந்து விண்ணப்பித்தார்கள் என்பதும் அட்டையில் இருக்கும். அது உங்கள் குடும்பம் வாழ்ந்த மாநிலத்தோடு பொருந்தாவிட்டால் நிதானியுங்கள். வேறு ஆளாக இருக்கலாம்.

"எக்ஸ்சி" (XC) என்று தொடங்கும் எண் இருந்தால், வீரரோ விதவையோ 1920களின் பிற்பகுதிக்குப் பிறகும் உயிரோடிருந்து பென்ஷன் வாங்கியிருக்கிறார் என்று பொருள். அந்தக் கோப்பு மற்றவை போல வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கலாம். பணம் கட்டும் முன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதி, கோப்பு எங்கே என்று கேட்டுவிடுங்கள்.

4. பணி ஆவணத்தை வரவழையுங்கள்

இதற்குப் படிவம் 86. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் நேரடியாக ஆர்டர் செய்யலாம். கட்டணம் 30 டாலர். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் ஆர்டர் செய்யும் நாளில் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருவது என்ன? மஸ்டர் ரோல்களிலிருந்து (படையின் ஆள்கணக்குப் பட்டியல்கள்) ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுத்தெழுதிய அட்டைகள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படையில் இருந்தாரா, மருத்துவமனையில் இருந்தாரா, கைதியாக இருந்தாரா என்று குறித்திருக்கும். வயது, உயரம், முடி, கண் நிறம், தொழில் ஆகியவையும் இருக்கும். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் "நார்வே" என்று ஒரு சொல்தான். அதனால் பிறந்த ஊருக்காக மட்டும் இதை வாங்க நினைத்தால் வேண்டாம். ஆளை உறுதி செய்ய வாங்குங்கள். கல்லறைக்கல் கேட்டு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் சான்றாகவும் இது தேவைப்படும்.

விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்திடம் மாநில அரசு வைத்திருந்த ரெஜிமென்ட் பதிவேடுகள் தனியாக இருக்கின்றன. வாஷிங்டன் அட்டைகளில் இல்லாத விவரம் சில நேரம் அங்கே கிடைக்கும். மேடிசனுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் அதையும் பாருங்கள். நார்வேஜிய அமெரிக்க வம்சாவளி மையமும் அதன் நேசெத் நூலகமும் அதே ஊரில்தான். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம்.

கடைசி மாதங்களில் சிலர் வேறு விஸ்கான்சின் ரெஜிமென்ட்டுகளுக்கோ, காயமுற்றோருக்கான ரிசர்வ் படைக்கோ மாற்றப்பட்டார்கள். அட்டையில் "மாற்றம்" என்று கண்டால் அந்தப் படையின் ஆவணத்தையும் தனியாகத் தேட வேண்டும். அது தானாக ஒட்டி வராது. மருத்துவமனை அட்டைகளும் அப்படித்தான். அவை வேறொரு தொகுப்பு. நோயால் இறந்தவர், நோயால் அனுப்பப்பட்டவர் என்றால் அவசியம் கேளுங்கள். இந்த ரெஜிமென்ட்டில் குண்டுக்குப் பலியானவர்களைவிட நோய்க்குப் பலியானவர்களே அதிகம்.

5. பென்ஷன் கோப்பு: பணம் செலவழிக்க வேண்டிய இடம்

ஒரே ஓர் ஆவணத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதற்குச் செலவழியுங்கள். படிவம் 85. இதில் இரண்டு வகை உண்டு. எட்டுத் தாள் அளவுக்குத் தேர்ந்தெடுத்துத் தரும் சுருக்கத் தொகுப்பு 30 டாலர். முழுக்கோப்பு 80 டாலர், 100 பக்கம் வரை. அதற்கு மேல் பக்கத்துக்கு 70 சென்ட். 180 பக்கக் கோப்பு என்றால் 80 டாலரோடு 56 டாலர் சேர்ந்து 136 டாலர் ஆகும்.

சுருக்கத் தொகுப்பை வாங்காதீர்கள். குடும்ப வரலாற்றுக்கு முக்கியம் என்று எழுத்தர் நினைப்பது அதில் வரும். நமக்கு வேண்டியதோ பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வாக்குமூலத்தின் மூன்றாம் வரியில் இருக்கும். பிறகு முழுக்கோப்பையும் வாங்கினால் 30 டாலர் வீண்.

முழுக்கோப்பில் என்ன தேட வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நூற்றுக்கணக்கான பக்கத்தைப் பார்த்ததும் மலைத்துப்போவீர்கள்.

1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போட்ட விண்ணப்பம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு முந்தைய சட்டங்களில் காயம், நோய் என்று காரணம் காட்ட வேண்டியிருந்தது. 1907இல், 90 நாள் பணிசெய்து 62 வயதானவர் எவரும் வயதின் பேரிலேயே பென்ஷன் கேட்கலாம் என்றானது. 1912இல் அடுத்த சட்டம் வந்தது. வயதைக் காட்ட வேண்டும் என்பதால் பிறந்த தேதியையும் இடத்தையும் சொன்னார்கள். சிலர் நார்வேயில் ஞானஸ்நானம் கொடுத்த சபைக்கே எழுதிச் சான்று வாங்கி இணைத்தார்கள். அந்தச் சான்று கோப்பில் இருந்தால் உங்கள் தேடலில் பெரும்பகுதி முடிந்தது.

அடுத்து 1898, 1915 ஆண்டுகளில் பென்ஷன் அலுவலகம் அனுப்பிய கேள்வித்தாள். மனைவியின் கன்னிப் பெயர், திருமணம் நடந்த நாள், இடம், நடத்தியவர், முன்பு வேறு திருமணம் உண்டா, உயிரோடிருக்கும் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டிருப்பார்கள். வீரரே கைப்பட நிரப்பியிருப்பார், இல்லையென்றால் பிள்ளைகள் யாராவது எழுதியிருப்பார்கள்.

பிறகு பிரமாண வாக்குமூலங்கள். சக வீரர்கள், அண்டை வீட்டார், மைத்துனர்கள் கொடுத்தவை. "இவரை நார்வேயில் சிறுவயது முதலே தெரியும், ஒரே சபையைச் சேர்ந்தவர்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால், அந்தச் சாட்சியின் ஊரைக் கண்டுபிடித்தாலே உங்கள் ஆளின் ஊர் கிடைத்துவிடும். நார்வேயிலிருந்து ஒரே பள்ளத்தாக்கு மக்கள் ஒன்றாக வந்து ஒன்றாகக் குடியேறினார்கள், ஒன்றாகவே படையிலும் சேர்ந்தார்கள். சாட்சிகள் ஒவ்வொருவரின் பெயரையும் தனிப் பட்டியலாக எழுதி வையுங்கள்.

திருமணமாகாமல் இறந்த மகனுக்காகத் தாய் பென்ஷன் கேட்ட கோப்பு என்றால், மகன் பணம் அனுப்பினான் என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்காக அவன் முகாமிலிருந்து எழுதிய கடிதத்தையே சிலர் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த கடிதம் கோப்பிலேயே தங்கிவிட்டது. அப்படி ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் அதைப் படிக்கும் நாளில் வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலம்: ஆர்டர் செய்து மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் பரிசாகவோ குடும்பக் கூடலுக்காகவோ திட்டமிட்டால் ஓராண்டு முன்பே தொடங்குங்கள். வாஷிங்டனில் உறவினரோ நண்பரோ இருந்தால் இன்னொரு வழி உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தில் பாஸ்போர்ட் போன்ற புகைப்பட அடையாளம் காட்டினால் ஆய்வாளர் அட்டை இலவசமாகத் தருவார்கள். கோப்பை வரவழைத்து, ஃபிளாஷ் இல்லாமல் செல்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். காசு இல்லை. போகும் முன் கோப்பு எண்ணை அனுப்பி, அங்கே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். படமெடுக்கும்போது தாளின் பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

விதவைகளின் கோப்புகள் சில ஏற்கெனவே ஃபோல்டு3இல் ஸ்கேனாகியிருக்கின்றன. 80 டாலர் கட்டும் முன் விதவையின் சான்றிதழ் எண்ணைப் போட்டு அங்கே ஒருமுறை பாருங்கள்.

6. பென்ஷன் அட்டையே இல்லையென்றால்

இளம் வயதில் மணமாகாமல் இறந்து, அவரை நம்பி யாரும் இல்லாவிட்டால் பென்ஷன் கோப்பு இருக்காது. சிக்கமாகாவில் பிடிபட்டு ஆண்டர்சன்வில் சிறை முகாமில் இறந்தவர்கள் பலர். அவர்களுக்குப் பணி ஆவணம், மருத்துவ அட்டை, முகாமின் இறப்புப் பட்டியல், தேசியக் கல்லறைப் பதிவு ஆகியவைதான் வழி.

போருக்குப் பின் வாழ்ந்தும் பென்ஷன் கேட்காதவர் என்றால் நிலப் பத்திரத்தைப் பாருங்கள். 1872 சட்டப்படி ஹோம்ஸ்டெட் நிலத்துக்கு (குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு தந்த நிலம்) தேவையான ஐந்தாண்டுக் குடியிருப்பில் படையில் இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். அதற்காகப் பணி விவரத்தைக் காட்டியிருப்பார்கள். குடியுரிமைத் தாள்களும் முக்கியம். கௌரவமாகப் பணி முடித்த 21 வயதானவர், குடியுரிமை பெறப்போவதாக முன்னறிவிப்புத் தாக்கல் செய்யாமலேயே ஓராண்டுக் குடியிருப்போடு குடியுரிமை கேட்கலாம் என்று 1862 சட்டம் அனுமதித்தது. அதனால் வழக்கமான "முதல் தாள்" (அந்த முன்னறிவிப்பு) கிடைக்காவிட்டால் பதற வேண்டாம். அப்படி ஒன்று தேவையில்லாமல் போயிருக்கலாம்.

மேடிசனிலிருந்து வெளிவந்த நார்வேஜியப் பத்திரிகை எமிக்ராண்டன், முகாமிலிருந்து வந்த கடிதங்களையும் இறந்தோர் விவரங்களையும் போர்க்காலத்தில் வெளியிட்டது. அதில் நார்வேயின் சபைப் பெயரோடு ஒருவர் குறிப்பிடப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

7. சபையின் பெயர் உறுதியாகட்டும்

பென்ஷன் கோப்பில் "பெர்கன், நார்வே" என்றோ "கிறிஸ்டியானியா (இன்றைய ஓஸ்லோ), நார்வே" என்றோ இருந்தால் அந்த நகரங்களில் பிறந்தவர் என்று முடிவு கட்டாதீர்கள். அவை பெரிய மறைமாவட்டங்களின் பெயர்களும்கூட. கப்பலேறிய துறைமுகமாகவும் இருக்கலாம். மலைப்பள்ளத்தாக்கில் பிறந்த விவசாயி மகன், அமெரிக்க எழுத்தருக்குப் புரியட்டும் என்று நகரத்தின் பெயரைச் சொல்லியிருப்பார்.

சபைப் பெயர் கிடைக்க மிக நல்ல இடம் அமெரிக்காவில் அவர்கள் சேர்ந்த லூத்தரன் சபையின் பதிவேடு. திருமணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம், அடக்கம் ஆகியவற்றை நார்வேஜிய மொழியில் எழுதினார்கள். அடக்கப் பதிவில் பிறந்த சபை பல நேரம் இருக்கும். மேடிசனின் நேசெத் நூலகத்தில் இந்தப் பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் நிறைய உண்டு. தொலைவிலிருந்து கேட்டால் கட்டணத்துக்குத் தேடித் தருவார்கள். உங்களிடம் உள்ளதை எல்லாம் ஒரே பக்கத்தில் தொகுத்து அனுப்புங்கள். அவர்கள் நேரத்துக்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

கப்பல் பட்டியலை நம்பி உட்கார வேண்டாம். 1850களில் நார்வேஜியர் பெரும்பாலோர் கியூபெக்கில் இறங்கினார்கள். கியூபெக்கின் பயணிகள் பட்டியல்கள் 1865இலிருந்துதான் இருக்கின்றன. நார்வே பக்கமும் அப்படித்தான். கிறிஸ்டியானியா, டிரான்ட்ஹெய்ம் போலீஸ் வைத்த குடிபெயர்வோர் பதிவேடு 1867இல் தொடங்குகிறது. 1862இல் படையில் சேர்ந்தவர் அந்தப் பதிவேட்டில் எப்படி இருப்பார்? இருந்தால் அது வேறு ஆள். 1850க்கு முன் வந்தவர் என்றால் நியூயார்க் பட்டியலில் பார்க்கலாம்.

8. இப்போது நார்வே

டிஜிடல்ஆர்கிவெட் என்பது நார்வே தேசியக் காப்பகத்தின் தளம். கணக்கு, கட்டணம் எதுவும் இல்லை. சபையைத் தேர்ந்தெடுத்து மூன்று பதிவுகளைத் தேடுங்கள். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர், பண்ணை, ஞானப் பெற்றோர் இருப்பார்கள். பதினைந்து வயதை ஒட்டிய திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராகும் சடங்கு) பதிவில் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் மறுபடி வரும், அம்மைப்பால் வைத்த விவரமும் சேர்ந்து வரும். மூன்றாவது, சபையை விட்டு வெளியேறியவர்கள் பட்டியல். அதில் "அமெரிக்கா" என்று எழுதிப் புறப்பட்ட ஆண்டும் இருந்தால், வீரரின் வயதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே ஆளைக் காட்டினால்தான் கோடு போட்டு முடிக்க வேண்டும்.

1865 டிசம்பர் 31 நிலவரப்படி எடுத்த நார்வே கணக்கெடுப்பில் உங்கள் ஆள் இருக்க மாட்டார். அங்கேயே தங்கிவிட்ட பெற்றோரும் உடன்பிறந்தோரும் இருக்கலாம். ஹௌகன், பாக்கன், மோயன் போன்ற பண்ணைப் பெயர்கள் எந்தச் சபையிலும் இருக்கும். பெயர் ஒத்துப்போனது மட்டும் போதாது.

எழுத்து கோதிக் கையெழுத்தில் இருக்கும். முதலில் ஒன்றும் புரியாது. ஒரே போதகர் எழுதிய பத்துப் பக்கத்தை வரிசையாகப் படித்தால் மாதப் பெயர்களும் ஓலே, ஆன்னே போன்ற பெயர்களும் பிடிபட்டுவிடும்.

பண்ணை வாரியாகக் குடும்பங்களைத் தொகுத்த ஊர் வரலாற்று நூல்களை பிக்டபோக் என்பார்கள். நார்வே தேசிய நூலகத் தளத்தில் பல இருந்தாலும், சிலவற்றை நார்வேக்கு வெளியே திறக்க முடியாது. நேசெத் நூலகத்திலும் வடக்கு டகோட்டா பல்கலைக்கழக நூலகத்திலும் பெரிய தொகுப்புகள் உண்டு.

உங்கள் ஆள் டேனிஷ்காரர் என்றால் டென்மார்க் தேசியக் காப்பகத்தின் தளத்தில் சபைப் பதிவேடுகளும், படைக்கு ஆள் எடுக்கச் சிறுவர்களைப் பதிந்த பட்டியல்களும் இலவசம். ஸ்வீடன் என்றால் சபை வட்டாரத்தில் வீடு வீடாக எழுதிய பதிவேடு. யார் எப்போது எங்கே போனார் என்பது வரை இருக்கும். தேசியக் காப்பகத் தளத்தில் இதுவும் இலவசம்தான்.

9. கல்லறை

போரில் இறந்தவர் என்றால் மர்ஃப்ரீஸ்பரோவின் ஸ்டோன்ஸ் ரிவர், சாட்டனூகா, ஆண்டர்சன்வில் ஆகிய தேசியக் கல்லறைகளைப் பாருங்கள். சிக்கமாகாவில் விழுந்தவர்கள் பலர் சாட்டனூகாவில் பெயர் தெரியாதோர் வரிசையில் கிடக்கிறார்கள். அதனால் பெயர் இல்லை என்பதற்காக அவர் அங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊர் திரும்பி இறந்தவரின் கல்லறையில் கல்லே இல்லையென்றால், படைவீரர் விவகாரத் துறையிடம் படிவம் 40-1330இல் கேட்கலாம். முதல் உலகப் போருக்கு முந்தைய படைவீரர் என்பதால் வாரிசாக இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம். 4ஆம் படியில் வாங்கிய பணி ஆவணத்தின் நகலை இணைக்க வேண்டும், கல்லறைப் பொறுப்பாளரின் கையெழுத்தும் வேண்டும். கல்லும் அனுப்பும் செலவும் இலவசம். தனியார் கல்லறை என்றால் நடும் கூலி உங்களுடையது. பொறுப்பாளரிடம் தொகையை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லில் பெயர் எப்படிப் பொறிக்க வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும் முன் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். பணி ஆவணத்தில் உள்ள பெயரும் பிள்ளைகள் வைத்துக்கொண்ட பெயரும் வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று காட்டும் பென்ஷன் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். விஸ்கான்சினில் குளிர்காலத்தில் தரை உறைந்துவிடும். கல் வந்து சேர்ந்தாலும் வசந்தம் வரும்வரை நட மாட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் வரும் நினைவு நாளுக்குள் கல் நிற்க வேண்டும் என்றால் முந்தைய கோடையிலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.